நீலத் துணி முடிந்த வாழைநார்

“13-10-1994, வியாழன். ஆயுத பூஜை. மேல்மாடித் தம்பி விளக்கு வைத்த பிறகு வந்தார். பூஜையைப் பார்த்தார். சுண்டலைக் கையில் வாங்கினார், சாப்பிடவில்லை. போய்விட்டார்.”

அந்த நாளுக்கு என் நாட்குறிப்பில் இருப்பது இவ்வளவுதான். எழுதும்போது இதில் ஏதும் விசேஷம் இருப்பதாக நான் நினைக்கவில்லை. எங்கள் தெருவில் யார் வீட்டில் சுண்டல் கொடுத்தாலும் அவர் இன்னொரு கை கேட்டு வாங்குகிறவர் என்பதால் அதைக் குறித்தேன். அன்று வாங்கியதையே ஜன்னல் திட்டில் வைத்துவிட்டுப் போனார். மறுநாள் காலையில் அதில் எறும்பு மொய்த்திருந்தது. எறும்பு நாட்குறிப்பில் இல்லை, நினைவில்தான் இருக்கிறது. அன்று எழுதி வைத்தது எது, பிறகு நானே சேர்த்துக்கொண்டது எது என்று பிரிக்க இன்றும் தடுமாறுகிறேன்.

அப்போது நான் மைசூரில் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை பார்த்தேன். பகல் முழுவதும் புத்தகங்களில் தேதி முத்திரை குத்துகிறவளுக்குத் தேதி இல்லாத எதையும் நம்பத் தோன்றாது. வீடு சரஸ்வதிபுரத்தில். பக்கத்து வீட்டு அக்கா கொள்ளேகால் பக்கத்துக்காரி. மைசூருக்கு வாழ்க்கைப்பட்டு வந்து எத்தனையோ வருஷம் ஆகி, கன்னடம் கலந்தும், பேச்சில் ஊர் போகவில்லை. அவள் கணவருக்குத் தொலைபேசி இலாகாவில் வேலை. தெருவுக்கே அவர் அண்ணன். மேல்மாடி அறையைப் பல்கலைக்கழக மாணவர்களுக்கு வாடகைக்கு விடுவார்கள்.

1993 ஜூனில் அந்த அறைக்கு வந்து எங்களுக்கு மேல்மாடித் தம்பி ஆனவர் உகாண்டாக்காரர். தாவரவியலில் எம்.எஸ்ஸி. படிக்க வந்தவர். அதற்கு முன்பு அவர் ஏறி இறங்கிய வீடுகளிலெல்லாம் இடமில்லை என்று சொல்லியிருந்தார்கள். ஆப்பிரிக்கா என்றாலே ‘அந்த நோய்’ என்று குரலைத் தாழ்த்துகிற காலம். அக்கா அவரிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

“கறி சமைப்பியா?”

அண்ணன் அதை இங்கிலீஷில் சொன்னார். அவர் கொஞ்சம் தயங்கித் தலையாட்டினார்.

“சமைச்சா எனக்கும் ஒரு கிண்ணம் குடுக்கோணும்னு சொல்லுங்க.”

அப்படித்தான் அவர் எங்கள் தெருவுக்கு வந்தார். சீக்கிரமே கன்னடத்தில் ‘ஊட்டா ஆய்தா’ என்று கற்றுக்கொண்டார். சாப்பாடு ஆயிற்றா என்ற அந்தக் கேள்வியைக் காலை ஏழு மணிக்குப் பால்காரரிடமும் கேட்பார், சாயங்காலம் நாய்க்குட்டியிடமும் கேட்பார். அக்காவை ‘அம்மா’ என்றார். என்னை ‘மேடம்’ என்றார். நான் எவ்வளவோ சொல்லியும் மாற்றவில்லை.

அடுத்த வருஷம் பொங்கலுக்கு மறுநாள் அவர் தன் அக்காவின் பள்ளிக்கூடத்தைப் பற்றிச் சொன்னார். அவருடைய கிராமத்தில், மாதா கோயில் வளாகத்தில், தகரக் கூரையின் கீழ் நடக்கிற பள்ளி அது. அங்கே படிக்கிற பிள்ளைகளில் அநேகருக்கு அப்பா இல்லை, அல்லது அம்மா இல்லை, அல்லது இருவருமே இல்லை. அந்த நோயின் பெயரை அவர்கள் ஊரில் யாரும் சொல்வதில்லையாம். ‘மெலிவு’ என்பார்களாம். அவருடைய அண்ணன் மெலிந்தார், பிறகு அண்ணி மெலிந்தார். ஒரு செடியின் இலை உதிர்வதைச் சொல்வதுபோல அவர் இதைச் சொன்னார்.

மெலிந்து இறந்த அந்த அண்ணனின் மூத்த மகள் அந்தப் பள்ளியில்தான் இருந்தாள். பன்னிரண்டு வயது இருக்கும் என்றார். உறவுக்காரர் ஒருவர் ஏரிக்கரை நகரத்தில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார். அவளைப் பாத்திரம் கழுவ அழைத்துப்போக வந்து நின்றிருக்கிறார். பள்ளி நடத்துகிற அக்கா ஊர்ப் பெரியவர்களைக் கூட்டி வாதாடியிருக்கிறாள்: என் தம்பி இந்தியாவில் படிக்கிறான், பட்டத்தோடு வந்து இந்தப் பெண்ணுக்குப் பொறுப்பேற்பான், அதுவரை அவள் பள்ளியில் இருக்கட்டும் என்று. பெரியவர்கள் ஒப்புக்கொண்டார்கள். ஆக, அந்தப் பெண் பள்ளியில் இருப்பதற்கு இவருடைய பட்டம்தான் ஜாமீன்.

“நாங்க என்ன செய்யலாம்?” என்று நான் கேட்டேன்.

சீருடை, என்றார். அவர் சொன்ன காரணத்தை அன்றே எழுதி வைத்திருக்கிறேன். சீருடை போட்ட பிள்ளை பள்ளிக்கூடத்துடையது. போடாத பிள்ளை யாருடையதாகவும் ஆகிவிடலாம். சீருடையில் இருக்கிற பிள்ளையைக் கையைப் பிடித்து இழுத்துப்போக உறவுக்காரர்கள் கொஞ்சம் யோசிப்பார்கள்.

“அவ்வளவுதானா? தெச்சிருவோம்,” என்றாள் அக்கா.

அளவு வேண்டும் என்று எழுதினோம். மார்ச் மாதம் ஊரிலிருந்து திரும்பிய மாணவர் ஒருவர் கையில் ஒரு கட்டு வந்தது. அளவு நாடாவோ காகிதமோ இல்லை. உலர்ந்த வாழைநார்கள். பிள்ளைக்கு ஒரு நார். தோளிலிருந்து முழங்கால்வரை நீளம். இடையில் இரண்டு முடிச்சு, முதலாவதுவரை கை நீளம், அடுத்ததுவரை மார்ச்சுற்றில் பாதி. ஒவ்வொரு நாரின் நுனியிலும் ஒரு நிறத்தில் துணுக்குத் துணி. மஞ்சள், சிவப்பு, பூப்போட்டது, கோடு போட்டது. நீலத் துணி முடிந்த நார் அவருடைய அண்ணன் மகளுடையது. எங்கள் ஊரில் மல்லிகை கட்டுகிற அதே நார்தான். அக்கா அதைக் கையில் எடுத்து முகர்ந்து பார்த்தாள்.

தெருவில் தமிழ்க் குடும்பங்கள் ஏழெட்டு. சனி, ஞாயிறு மத்தியானங்களில் பெண்கள் அக்கா வீட்டில் கூடினோம். கோடிவீட்டு அம்மாள் முதல் நாள் சுவரோரமாகவே உட்கார்ந்திருந்தாள்.

“ஏன் அக்கா, அந்தப் பிள்ளைங்க தொட்ட நாரு. நாம தொடலாமா?”

“நாருல என்ன வரும்? தூசிதான் வரும்.”

“இல்ல, பேப்பர்ல போட்டிருந்தான்…”

“பேப்பர்ல தினமும் ராசி பலனும் போடறான். உனக்குப் பணம் வரும்னு போட்டானே, வந்துதா?”

கோடிவீட்டு அம்மாள் கத்தரிக்கோலை எடுத்தாள். ஆனால் நாரைத் தொடாமல் அக்காவையே பிடிக்கச் சொல்லி அளந்தாள். மூன்றாம் நாள் மறந்துபோய்த் தானே எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு தைத்தாள். அவள் கணவருக்கு வேறு ஆட்சேபம் இருந்தது. வாசலில் நின்றபடியே, “எழுபத்திரண்டுல நம்ம இந்தியாக்காரங்களப் பெட்டியோட துரத்தின ஊருக்கா இவ்வளவு தையல்?” என்றார்.

“துரத்தினவன் வேற. இந்தப் புள்ளைங்க அப்பப் பொறக்கவே இல்லைங்க,” என்று அக்கா உள்ளிருந்து குரல் கொடுத்தாள். “காபி குடிக்கறீங்களா, இல்ல சும்னே நின்னு பேசப் போறீங்களா?” அவர் குடித்துவிட்டுத்தான் போனார்.

தையல் நடந்துகொண்டிருந்த ஏப்ரலில் நடந்த ஒன்றை இங்கே சொல்லவேண்டும். அப்போது அதற்கும் இதற்கும் தொடர்பு இருப்பதாக யாருக்கும் தெரியாது. அக்காவின் தங்கை மகன் பி.யூ.சி. பரீட்சைக்காக அக்கா வீட்டில் தங்கியிருந்தான். பரீட்சை நடுவில் கொள்ளேகாலில் அக்காவின் அப்பா இறந்துபோனார். பையனுக்குத் தாத்தா என்றால் உயிர். நம் வீடுகளில் என்ன செய்வார்களோ அதைச் செய்தார்கள். அவனிடம் சொல்லவில்லை. அக்காவும் அண்ணனும் ஏதோ கல்யாணம் என்று சொல்லிக் கிளம்பிப்போய், காரியம் முடித்து, முகம் கழுவி வந்தார்கள். தெரு முழுக்க வாயை மூடிக்கொண்டது. மேல்மாடித் தம்பியிடமும் அண்ணன் விஷயத்தைச் சொல்லி, உதட்டில் விரல் வைத்துக் காட்டினார். பையன் தாத்தாவைப் பற்றிக் கேட்டபோதெல்லாம் அக்கா ஒரே பதில் சொன்னாள்: “நல்லாருக்காரு. எக்ஸாம் முடியட்டும், போலாம்.”

கடைசிப் பரீட்சை எழுதி அவன் வீட்டுக்கு வந்த மத்தியானம் நானும் அங்கே இருந்தேன். மேல்மாடித் தம்பியும் இருந்தார், கேள்வித்தாள் எப்படி என்று கேட்க இறங்கி வந்திருந்தார். அன்று காலைதான் அண்ணன் மாமனாரின் படத்தைப் பெரிதாக்கிக் கண்ணாடி போட்டு வாங்கி வந்து கூடத்தில் மாட்டியிருந்தார். சந்தனம், குங்குமம், மாலை. பையனிடம் எப்படிப் பேச்சை எடுப்பது என்று அக்கா சமையலறையில் யோசித்துக்கொண்டிருக்கையில் அவன் செருப்பைக் கழற்றிவிட்டு நிமிர்ந்தான், படத்தைப் பார்த்தான். யாரும் வாயைத் திறக்கவேண்டியிருக்கவில்லை.

பிறகு மேல்மாடித் தம்பி என்னிடம் தனியாகக் கேட்டார்: மாலை போட்டால் இறந்துவிட்டார் என்று பொருளா? ஆமாம், என்றேன். உயிரோடு இருப்பவர் படத்துக்குப் போடமாட்டோம், அபசகுனம். பரீட்சை எழுதுகிறவரிடம் சாவைச் சொல்லமாட்டீர்களா? ஆமாம், என்றேன். அவர், நல்ல வழக்கமா கெட்ட வழக்கமா என்று தனக்குத் தெரியவில்லை என்றார். எனக்கும் தெரியவில்லை.

ஜூன் மாதம் சீருடைகள் போய்ச் சேர்ந்தன. ஆகஸ்டில் ஒரு புகைப்படம் வந்தது. தகரக் கூரைக்கு முன்னால் பிள்ளைகள் கரும்பச்சைச் சீருடையில் வரிசையாக நின்றார்கள். நடுவில், மற்றவர்களைவிட ஒரு பிடி உயரமாக, இரண்டு கைகளையும் உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு ஒரு பெண். அவர் விரலை வைத்து, “இவள்தான்,” என்றார். அக்கா படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

“கை கொஞ்சம் குட்டையாத் தெச்சுட்டோம், அம்மிணி. நாரு காஞ்சு சுருங்கியிருக்குமோ?”

அவரிடம் கேட்டேன். தாவரவியல்தானே. வாழைநார் உலர்ந்தால் அகலம் குறையும், நீளம் அவ்வளவாகக் குறையாது என்று நினைக்கிறேன், உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். படத்தை நீங்கள்தான் வைத்துக்கொள்ளவேண்டும், தைத்தது நீங்கள் என்று அக்காவிடமே கொடுத்துவிட்டார். அக்கா அதற்குக் கண்ணாடி போட்டு அலமாரியில் வைத்தாள்.

அதற்குப் பிறகு கடிதம் இல்லை. செப்டம்பர் கடைசியில் சூரத்தில் பிளேக் என்று நாடே கலங்கியது. சில நாடுகள் இந்திய விமானங்களை நிறுத்தின. தபால் எங்கே போகிறது, எங்கே நிற்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. “இப்ப நம்மளப் பாத்து ஊரு ஒதுங்குது, பாத்தீங்களா?” என்று அண்ணன் மேல்மாடித் தம்பியின் தோளைத் தட்டிச் சிரித்தார். அவரும் சிரித்தார். ஆனால் தினமும் சாயங்காலம் இறங்கி வந்து கடிதம் உண்டா என்று கேட்டார். அவருக்கு வரும் தபாலெல்லாம் அக்கா வீட்டு முகவரிக்குத்தான் வரும்.

இனி ஆயுத பூஜை. அக்கா வீட்டுக் கூடத்தில் மேஜையைச் சுவரோடு சேர்த்துப் போட்டு, அதன்மேல் எல்லாவற்றையும் வைத்தோம். தையல் இயந்திரம், கத்தரிக்கோல், அண்ணனின் குறடும் திருப்புளியும், பிள்ளைகளின் பாடப்புத்தகங்கள், என்னுடைய ஒரு பழைய தேதி முத்திரை. எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம், பூ. கடைசியில் அக்கா அலமாரியிலிருந்து பள்ளிக்கூடப் படத்தையும் எடுத்து வந்து நடுவில் சாய்த்து வைத்தாள்.

“இதுவும் நம்ம கை வேலைதானே. ஸ்கூலுக்கு வெக்காத பூ வேற எதுக்கு?”

கண்ணாடியின் நாலு மூலையிலும் பொட்டு வைத்தாள். நடுவில் ஒன்று வைத்தாள். மீந்த செவ்வந்திச் சரத்தைச் சட்டத்தின் மேல் போட்டாள். நான் பக்கத்தில் நின்று கற்பூரம் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. எங்கள் கண்ணுக்கு அது ஒரு பள்ளிக்கூடம். தையல் இயந்திரத்தைப்போல, குறட்டைப்போல, அன்று பூ வைக்கவேண்டிய ஒரு பொருள். அதில் நிற்பவர்கள் மனிதர்கள் என்பதை நாங்கள் அந்தக் கொஞ்ச நேரம் மறந்திருந்தோம் என்றுதான் நினைக்கிறேன்.

மேஜை எந்தச் சுவரை ஒட்டிப் போடப்பட்டிருந்தது என்பதையும் சொல்லவேண்டும். அதே சுவரில், நேர் மேலே, அக்காவின் அப்பா படம். பண்டிகை ஆனதால் அதற்கும் புது மாலை. அதே செவ்வந்தி.

அவர் வந்தார். வாசலில் வழக்கம்போல ‘ஊட்டா ஆய்தா’ என்றார். உள்ளே வந்து மேஜையைப் பார்த்தார். மேலே பார்த்தார். மறுபடி கீழே பார்த்தார். அக்கா சுண்டலைக் கையில் கொடுத்தாள்.

“கடிதம் வந்ததா, அம்மா?”

“நோ லெட்டர். பிளேக் ப்ராப்ளம்,” என்றாள் அக்கா. பிறகு, அவர் முகம் வாடியிருந்ததைப் பார்த்து, ஆறுதலாக, “நீ நல்லாப் படி. எக்ஸாம் முடியட்டும்,” என்றாள்.

அந்த வார்த்தையை அவள் ஏப்ரலில் யாரிடம் எத்தனை தடவை சொன்னாள் என்பது அப்போது எங்களில் ஒருவருக்கும் நினைவு வரவில்லை.

மறுநாள் விஜயதசமி. ஊரே ஊர்வலம் பார்க்கப் போயிருந்தது. மாடி அறை பூட்டியிருந்ததைப் பார்த்து அவரும் யானை பார்க்கப் போயிருக்கிறார் என்று நினைத்தோம். சனிக்கிழமையும் பூட்டியிருந்தது. ஞாயிறு காலை விடுதியிலிருந்து அவருடைய சிநேகிதர், ஒரு கென்யா மாணவர், சாவியோடு வந்தார். சாவியை அண்ணனிடம் நீட்டி, உங்கள் துக்கத்துக்கும் வருந்துகிறேன் என்றார். நாங்கள் விழித்தோம். பேச்சு இங்கிலீஷில் நடந்தது. நினைவில் இருக்கிறபடி எழுதுகிறேன்.

“என்ன துக்கம்?” என்று நான் கேட்டேன்.

“அவர் அண்ணன் மகள் இறந்தது. அவர் ஊருக்குப் புறப்பட்டுவிட்டார். பம்பாயில் இருக்கிறார், செவ்வாய்க்கிழமை விமானம் என்றார்.”

“இறந்துவிட்டாளா? யார் சொன்னது?”

அவர் எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். “நீங்கள்தான்.”

“நாங்களா? எப்போ?”

“படத்தைக் காட்டினீர்களாமே.”

மேஜை இன்னும் கலைக்கப்படாமல் இருந்தது. நான் போய்ப் பார்த்தேன். அக்கா நடுவில் வைத்த பொட்டு அந்த உயரமான பெண்ணின் முகத்தின்மேல் இருந்தது. சந்தனம் உலர்ந்து வெடித்திருந்தது. அதன் அடியில் முகம் தெரியவில்லை.

அக்கா சட்டத்திலிருந்து சரத்தை எடுத்தாள். “எக்ஸாம் முடியட்டும்னு வேற சொன்னனே, அம்மிணி.”

அண்ணன்தான் முதலில் நிதானத்துக்கு வந்தார். மேல்மாடித் தம்பி கையில் இருந்தது படிப்பு முடிந்து ஊர் திரும்பக் கொடுக்கப்பட்ட ஒரே பயணச்சீட்டு என்று எங்களுக்குத் தெரியும். அதைப் பயன்படுத்திவிட்டால் இறுதிப் பரீட்சைக்குத் திரும்பி வர வழியில்லை. பரீட்சை இல்லையென்றால் பட்டம் இல்லை. பட்டம் இல்லையென்றால் சாப்பாட்டுக் கடைக்காரர் மறுபடி வந்து நிற்பார். அந்தப் பெண்ணைப் பள்ளியில் வைத்திருப்பதற்காக நாங்கள் தைத்த தையலெல்லாம் ஒரு முழம் செவ்வந்தியில் அவிழ்ந்துகொண்டிருந்தது.

சிநேகிதரிடம் பம்பாய் விடுதியின் முகவரியும் தொலைபேசி எண்ணும் இருந்தன. அண்ணன் தன் அலுவலகத்துக்குப் போய் இணைப்பு வாங்கினார். எடுத்தவர் இந்தியில் “இருங்க” என்றாராம். பாத்திரம் விழும் ஓசை வெகுநேரம் கேட்டதாம். பிறகு இணைப்பு அறுந்தது. இரண்டாம் தடவை எடுத்த வேறொருவர் அப்படி யாருமே இங்கே இல்லை என்றார்.

தந்தி கொடுக்கப் போனோம். தந்தி அலுவலக மேஜையில் நின்று எழுத ஆரம்பித்தபோதுதான் எனக்குக் குழப்பம் தொடங்கியது.

“‘பொண்ணு நல்லாருக்கா, திரும்பி வா’. முடிஞ்சுது,” என்றார் அண்ணன்.

“நல்லாருக்கான்னு நமக்கு எப்படித் தெரியும் அண்ணா? கடைசியாத் தெரிஞ்சது ஆகஸ்ட்.”

“அதுக்குன்னு? செத்துட்டான்னும் தெரியாதில்ல?”

“தெரியாது. ரெண்டுமே தெரியாது.”

“ஏம்மா, இதென்ன லைப்ரரியா? ஒரு வார்த்தை கூட்டிச் சொன்னா என்ன?”

“கூட்டிச் சொல்லி, அவர் திரும்பி வந்து, அப்புறம் நிஜமாவே…”

அக்கா படிவத்தை எட்டிப் பார்த்தாள். “அப்ப ரெண்டும் தெரியாதுன்னே எழுதுங்க,” என்றாள்.

“தந்தியிலயா? நமக்குப் பைத்தியம்னு நெனைப்பான் கணே,” என்றார் அண்ணன், கன்னடத்தில் மனைவியை விளிக்கிறபடி.

கடைசியில் நாங்கள் எழுதியதன் பொருள் இது: ‘மாலை பள்ளிக்கூடத்துக்கு. பண்டிகை வழக்கம். சாவுச் செய்தி எதுவும் வரவில்லை. திரும்பி வரவும்.’ எழுத்தர் அதை இரண்டு தடவை படித்துவிட்டு, கன்னடத்தில், இது சாவுத் தந்தியா, வாழ்த்துத் தந்தியா என்று கேட்டார். ரெண்டும் இல்லை என்றார் அண்ணன். பண்டிகை வாரம், வழி நெரிசலாக இருக்கிறது, சாவுத் தந்தி என்று குறித்தால் முதலில் போகும், அதில்தான் சாவு என்ற வார்த்தை இருக்கிறதே, குறிக்கட்டுமா என்று கேட்டார் அவர்.

“வேண்டாங்க! சாவுன்னு போடாதீங்க!” அக்கா கத்தியதில் வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சாவுக் குறியோடு தந்தியை வாங்குகிறவர் அதைப் பிரித்துப் படிப்பாரா, கையில் வாங்கியதுமே முடிவு செய்துவிடுவாரா? அண்ணன் குறிக்கலாம் என்றார். நான் எந்தப் பக்கம் என்று எனக்கே தெரியவில்லை. அக்கா சொன்னபடி குறி இல்லாமல், அவசரத் தந்தியாகப் போயிற்று.

அவர் திரும்பி வரவில்லை.

தந்தி கிடைக்காததால் வரவில்லையா, கிடைத்தும் வரவில்லையா? சிநேகிதரிடம் பிறகு பலமுறை கேட்டேன். அவர் சொன்ன ஒன்று என்னை இன்னும் குழப்பியது. செப்டம்பரிலிருந்தே இவர் சரியாகத் தூங்கவில்லை, கடிதம் வராததால் ஊருக்குப் போகவேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார் என்றார். அப்படியானால் மாலை ஒரு காரணமா, சாக்கா? அக்காவுக்கு இந்தக் கேள்வி பிடிக்கவில்லை. “எதுவா இருந்தா என்ன? பூவ வெச்சது நானு,” என்றாள். படத்தைத் துடைத்து அலமாரியில் வைத்தாள். ஈரத் துணி பட்டுச் சட்டத்தின் ஓரம் வழியாகக் கொஞ்சம் நீர் உள்ளே இறங்கி, பிள்ளைகளின் காலடியில் கறையாக நிற்கிறது.

1995 பிப்ரவரியில், நூலகத்தில் இருப்புச் சரிபார்ப்பு நடந்துகொண்டிருந்த நாட்களில், சிநேகிதர் ஒரு பொட்டலம் கொண்டுவந்து கொடுத்தார். யாரோ ஊரிலிருந்து பெங்களூர்வரை கொண்டுவந்து, அங்கிருந்து இன்னொருவர் கையில் மாறி, கடைசியில் அவரிடம் வந்திருந்தது. எங்கெங்கே எத்தனை நாள் கிடந்தது என்று அவருக்குத் தெரியவில்லை. உள்ளே ஒரு வாழைநார்க் கட்டு, போன தடவையைவிடக் கனமாக. பள்ளி நடத்துகிற அக்காவின் சிறு கடிதம் ஒன்று. சீருடைகளுக்கு நன்றி, கூரையில் ஒழுக்கு அடைத்தாயிற்று, பிள்ளைகள் வகுப்பில் இருக்கிறார்கள், புதிதாகச் சேர்ந்தவர்களுக்கும் அளவு வைத்திருக்கிறேன், என் தம்பி நலமாக இருக்கிறான், உங்களை அன்போடு நினைக்கிறான்.

தேதி இல்லை. மேலே ‘ஞாயிறு’ என்று மட்டும் இருந்தது.

நான் அந்தக் காகிதத்தை முன்னும் பின்னும் திருப்பினேன். ‘என் தம்பி நலமாக இருக்கிறான்’ என்பது அவர் ஊர் வந்து சேர்ந்த பிறகு பக்கத்தில் உட்கார்ந்து எழுதியதா? அல்லது அவர் இன்னும் எங்கள் மாடியில் இருந்தபோது, அவருடைய பழைய கடிதம் ஒன்றைப் பார்த்து எழுதி, பொட்டலம் மட்டும் வழியில் எங்கோ தங்கிவிட்டதா? நாங்கள் மாலை போட்ட படத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. சாப்பாட்டுக் கடைக்காரரைப் பற்றி இல்லை. அந்தப் பெண்ணின் பெயரும் இல்லை.

அக்கா கடிதத்தைக் கேட்கவில்லை. கட்டை அவிழ்த்து நார்களைத் தரையில் பரப்பினாள். நீலத் துணி முடிந்த நார் ஒன்று இருந்தது. எழுந்து போய்ப் பழைய கட்டைக் கொண்டுவந்தாள். தூக்கி எறியாமல் வைத்திருந்திருக்கிறாள். பழைய நீலத்தையும் புது நீலத்தையும் ஒரு நுனி சேர்த்துப் பிடித்துத் தொங்கவிட்டாள். புதியது நாலு விரற்கடை நீளமாக இருந்தது.

“வளந்துட்டா,” என்றாள்.

“அக்கா, அது எப்ப வெட்டினதுன்னு…”

“வளந்துட்டா, அம்மிணி.”

“நீலத் துணிய வேற பிள்ளைக்கு மாத்திக் கட்டியிருக்கலாம். அவ இல்லேன்னா, அந்த நிறம் சும்மாத்தானே…”

அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தாள். நான் நிறுத்திக்கொண்டேன். பழைய துணுக்கு வெளுத்திருந்தது, புதியது கருநீலம். ஒரே துணியின் இரண்டு துண்டுகளா, வேறு வேறு துணியா என்பதுகூட எனக்குப் பிடிபடவில்லை.

அந்தக் கோடையில் மறுபடி தைத்தோம். கோடிவீட்டு அம்மாளும் வந்தாள். நீல நாருக்கு உரிய கவுனை அக்கா யாரிடமும் கொடுக்கவில்லை. கையைத் தாராளமாக விட்டு, கீழ் ஓரத்தைக் கனமாக உள்ளே மடித்துத் தைத்தாள், அடுத்த வருஷம் பிரித்து இறக்கிவிடலாம் என்று. மூட்டை அவ்வருஷம் ஜூலையில் மைசூரிலிருந்து போயிற்று. போய்ச் சேர்ந்ததாக ஒரு வரி வந்தது, அதிலும் தேதி இல்லை. கென்யா மாணவர் படிப்பு முடித்து ஊர் போனார். அவர் கொடுத்த முகவரிக்கு நான் எழுதிய கடிதங்களுக்குப் பதில் இல்லை.

பழைய நீல நாரை அக்கா எனக்குக் கொடுத்துவிட்டாள். ‘மார்ச் 1994’ என்று எழுதி வைத்திருக்கிறேன். புதியதன் உறையில் ‘பெற்றது: பிப்ரவரி 1995’ என்று மட்டும் இருக்கிறது. அது 1994 அக்டோபருக்கு முன்பு அளந்து வெட்டப்பட்டதா, பின்பா என்பதும், அந்த அளவு அதே பெண்ணுடையதுதானா என்பதும் இதை எழுதும் நாள்வரை சரிபார்க்கப்படவில்லை.